மிஷினுக்கு வெள்ளம்

செசிலிக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். காலையில் குடிக்கிற தேயிலை, மதியக் கஞ்சியில் நிற்கிற தெளிவு, மாத்திரை விழுங்குகிற மடக்கு, மீன்குழம்பு எல்லாம் அந்த அரை லிட்டருக்குள் அடங்கிவிட வேண்டும். கூடிப்போனால் முதலில் கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், அதற்குப் பிறகு படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர அவள் உடம்பில் வழியில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் நான்கு மணி நேரம் படுத்துக் கிடந்தால் மிஷின் அதை எடுத்துத் தரும். அந்த நான்கு மணி நேரம் இருக்கும்வரை அவள் இருப்பாள். அதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

வயது ஐம்பத்து நான்கு. குளச்சலில் பிறந்து குளச்சலிலேயே ஜேசுதாசுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஜேசுதாசுக்குக் கொச்சியிலிருந்து கிளம்புகிற விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் பதினைந்து இருபது நாளுக்கு ஆளைப் பார்க்க முடியாது. செசிலி மீன் விற்றாள். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, முதலில் தலைச்சுமையாகவும் பிறகு ஆட்டோவிலுமாக, திங்கள்சந்தை, வில்லுக்குறி, தக்கலை என்று வீடு வீடாக இருபத்தாறு வருடம். தெருமுனையில் நின்று அவள் மத்தி மீனுக்கு 'சாளேய்' என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது தெருவில் படுத்திருக்கிற பூனை எழுந்துவிடும். வாயால் அவளை ஜெயித்த வாடிக்கைக்காரி கிடையாது. வாத்தியார் வீடு, வக்கீல் வீடு, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற வீடு என்று எல்லா வாசலிலும் பேசிப் பேசித்தான் விற்றாள். நீ சொல்வது எனக்கு விளங்கவில்லை என்று அத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

சுமையால் கழுத்து வலித்தது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி நின்றது, மாத்திரை நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் மிட்டாய் மாதிரி விழுங்கியிருக்கிறாள். ஒரு நாள் ஏலக்களத்திலேயே மயங்கி விழுந்தபோதுதான் டாக்டர்கள் ரத்தத்தைப் பரிசோதித்து, சிறுநீரகம் போன கதையைச் சொன்னார்கள். இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஒரு சிறிய ஆபரேஷன் செய்து, இனி அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். மீன் வியாபாரம் அதோடு முடிந்தது.

இடையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கமும் கடற்கரையும் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லும். குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம், சுடுவெள்ளம், கஞ்சிவெள்ளம். தமிழ்நாட்டின் மற்ற பாகங்களில் வெள்ளம் வந்தால் படகு வரும், அமைச்சர் வருவார், டிவிக்காரர்கள் வருவார்கள். இங்கே வெள்ளம் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவார்கள். இது தெரியாமலும் ஒருவர் சென்னையில் ஐம்பது வருடம் சௌக்கியமாக வாழ்ந்துவிடலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

பெருந்தொற்று வந்தபோது டயாலிசிஸ் வார்டு இருந்த கட்டிடத்தை அப்படியே கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே சிகிச்சை பெற்ற பதினான்கு பேரையும் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை. ஆட்டோ ஓட்டினால் போலீஸ் பிடித்தது. செசிலி அந்த மூன்று மாதமும் ஜான்ரோஸ் என்பவரின் மீன் வண்டியில்தான் போய் வந்தாள். மீனுக்குப் பாஸ் இருந்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஈரச் சாக்கில் உட்கார்ந்து போவாள். சோதனைச்சாவடியில் பின்னால் என்ன என்று கேட்டால் ஜான்ரோஸ் சாளை என்பார். செசிலியும் சாளையோடு சாளையாகச் சத்தம் காட்டாமல் இருந்துகொள்வாள்.

வார்டு திரும்பத் திறந்தபோது பதினான்கு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். வராத ஐந்து பேரில் கொரோனா கொண்டுபோனது ஒருவரை. மற்ற நால்வருக்கும் கொரோனா இல்லை, வண்டிதான் இல்லை. அந்த நால்வரும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு மூன்று மாடியில் புதுக் கட்டிடம் வந்தது. ஆக்சிஜன் தொட்டி வந்தது. பழைய சுவர்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். வராந்தாவில், சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படத்தைப் போட்டு, அதன் கீழே ஒரு போன் நம்பரும் 'உங்கள் கருத்தே எங்கள் சீர்திருத்தம்' என்ற வாசகமும் எழுதினார்கள். அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு புகார்ப்பெட்டி இருந்தது. அதன் பூட்டு துருப்பிடித்து, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தது. அதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் செசிலி நினைத்தாள். அவள் நன்றி கெட்டவள் அல்ல. அந்த ஆஸ்பத்திரி இல்லையென்றால் தான் என்றைக்கோ கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்போம் என்று தெரிந்தவள்.

சங்கடம் புதுக் கட்டிடத்தால்தான் வந்தது. மூன்று மாடிக்கும் வேண்டிய தண்ணீரை, டயாலிசிஸ் வார்டின் தொட்டிக்குப் போகிற குழாயை வெட்டித்தான் எடுத்திருந்தார்கள். டயாலிசிஸ் மிஷினோ சாதாரணக் குடியன் இல்லை. ஒரு ஆளுக்கு நான்கு மணி நேரம் ஓட அதற்குச் சுத்தம் செய்த தண்ணீர் நூற்றிருபது லிட்டர் வேண்டும். அவ்வளவு சுத்தம் செய்து எடுக்க அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தொட்டிக்கு வந்தாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் இறைத்தால் கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு. ஆக, நான்கு மணி நேரம் மூன்றாயிற்று, பிறகு இரண்டரையாயிற்று.

மிஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் ஷிஜின், கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரன். முப்பது வயது, ஒப்பந்த வேலை. இரண்டு தடவை எழுதிக் கொடுத்துப் பார்த்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் நெருங்குகிறது, வேலையைப் பார் என்றார்கள். அதனால் அவன் செசிலியிடம் சொல்லிவைத்தான், கருத்துக் கேட்டு நோயாளிகளுக்குப் போன் வரும், வந்தால் விடக் கூடாது என்று.

"நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க அக்கா. தீனக்காரங்க நீங்க சொன்னாத்தான் இப்ப கேக்காங்க. அதாக்கும் புது ஏற்பாடு."

போன் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண், நல்ல இனிமையான குரல். வார்டு சுத்தமாக இருக்கிறதா, நர்சுகள் மரியாதையாகப் பேசுகிறார்களா, மருந்து கிடைக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். செசிலி எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டபோது அவள் காத்திருந்ததைச் சொன்னாள்.

"வெள்ளம் இல்ல மக்கா. ஒரு மாசமா வார்டுல வெள்ளமே இல்ல."

"வெள்ளம் இல்லை. சரிங்க மேடம். வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. அது ஒண்ணுதான்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று செசிலிக்கு விளங்கவில்லை. ஆபீஸ் மரியாதை இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டாள். மறுநாள் செல்போனில் ஒரு செய்தி வந்தது. ஷிஜின் வாசித்தான். தாங்கள் சிகிச்சை பெறும் பிரிவில் குறைகள் ஏதும் இல்லை எனப் பதிவு செய்யப்பட்டுள்ளது என்று இருந்தது. ஷிஜினுக்கு முகம் கறுத்துவிட்டது. மேலே உள்ளவர்கள் அமுக்கிவிட்டார்கள் என்றான். செசிலியும் அப்படித்தான் நம்பினாள். இரண்டு பேருமே பிறந்ததிலிருந்து வெள்ளம் குடித்து வளர்ந்தவர்கள். சந்தேகம் வேறு பக்கம் போக வழியில்லை.

இரண்டரை மணி நேரம் போதவில்லை. செசிலியின் எடை, தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு ஐம்பத்திரண்டு கிலோவில் நிற்க வேண்டும். ஐம்பத்து மூன்றரையில் நின்றது. அடுத்த வாரம் ஐம்பத்து நான்கு. அவள் அரை லிட்டரைக் கால் லிட்டராக்கிப் பார்த்தாள். தேயிலையை விட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு சிறிய ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கி, உருகுவதையும் முழுங்காமல் துப்பினாள். அப்படியும் படுத்தால் மூச்சு திணறியது. உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்துதான் தூங்கினாள். கடலில் இருக்கும் ஜேசுதாசிடம் சொல்லி என்ன பயன் என்று சொல்லவில்லை. பயம் இருந்தது. வண்டி கிடைக்காமல் போன அந்த நால்வரில் ஒருத்தி அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். கடைசியாகப் போனில் பேசியபோது அவளும் உட்கார்ந்துதான் தூங்குவதாகச் சொல்லியிருந்தாள்.

இந்தத் தடவை செசிலியே அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். ஒரு ஆண் எடுத்தார். செசிலி எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில வெள்ளத்துக்க பிரச்சனையாக்கும். அதனால மிஷினு ரெண்டரை மணி நேரத்துல நிக்குது. இப்பிடியே போனா ஒம்பது பேரும் செத்துப் போவோம், சொல்லிட்டேன்."

அந்த மனிதர் பதறிவிட்டார். எந்தத் தளம் என்று கேட்டார். கீழே, தரைத்தளம் என்றாள். மிஷின்களுக்கு மின்சாரம் நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டார். அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று செசிலிக்கு ஆச்சரியம். உடனே நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். அதற்கு முந்தின ஐப்பசியில் பெய்த மழையில் மாவட்டமே நீரில் மிதந்ததை அவரும் டிவியில் பார்த்திருப்பார் அல்லவா.

நான்காவது நாள் ஆள் வந்துவிட்டது. அரசாங்கத்தில் இத்தனை வேகத்தை செசிலி ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு என்ஜினியர், மூன்று கொத்தனார்கள், செங்கல், மணல், சிமென்ட். வார்டு வாசலில் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. சிமென்ட் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே, வார்டுத் தொட்டியிலிருந்தே இரண்டு டிரம் எடுத்தார்கள். அன்றைக்கு மிஷின் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஓடியது. அதன் பிறகு சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. தலைமைக் கொத்தனார் இசக்கி உள்ளூர்க்காரர். எதற்கு இந்தச் சுவர் என்று தனக்கும் தெரியாது, காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காகிதத்தைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். வைகுண்டராஜன் அதை வாசித்தார். அவர் மணவாளக்குறிச்சிக்காரர், செசிலிக்கு அடுத்த கட்டில். முப்பது வருடம் சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருந்து, உடம்பு கெட்டதும் ஊர் திரும்பியவர். கையில் ஊசியோடு படுத்தபடியே, கண்ணாடியை மூக்கில் இறக்கி, சத்தமாக வாசித்தார். நோயாளி திருமதி செசிலி அவர்கள் தெரிவித்த கருத்தின் அடிப்படையில் மேற்கொள்ளப்படும் வெள்ளத் தடுப்புப் பணி. வாசித்து முடித்து இரண்டு நிமிடம் யோசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கை ஆடியதில் மிஷின் கீகீ என்று கத்தியது. ஷிஜின் ஓடி வந்து ஊசியைச் சரிசெய்தான். அவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"ஏம்மா, மெட்ராசுல வெள்ளம்னா மழைக்கு ரோட்டுல கெடந்து ஓடும் பாரு, அதாக்கும். நாம குடிக்கது அவங்களுக்குத் தண்ணி. நீ வெள்ளம் இல்லன்னு சொன்னா அவங்க சந்தோஷப்படாம என்ன செய்வாங்க?"

மற்றவர்களும் சிரித்தார்கள். செசிலி சிரிக்கவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. இத்தனை நாளும் யாரோ வேண்டுமென்றே அமுக்கியதாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை. அந்தப் பெண் காது கொடுத்துத்தான் கேட்டிருக்கிறாள், அந்த மனிதர் பதறித்தான் இருக்கிறார், எல்லாரும் வேலையைச் செய்திருக்கிறார்கள். அவளுடைய ஒன்றரை மணி நேரம் மட்டும் திரும்பவில்லை. கருத்துக் கேட்க இத்தனை ஏற்பாடு செய்தவர்கள், ஒரே ஒரு ஆளை அனுப்பித் தொட்டியை எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் போன் செலவே மிச்சமாகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிச் சீர்திருத்தத்தைப் பற்றி அவளுக்கு இருந்த கருத்து மொத்தமும் அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஆட்களே வந்தார்கள். பெருந்தொற்றுக்குப் பிந்தைய சீர்திருத்தம் பற்றி நோயாளிகளை நேரில் கேட்க சென்னையிலிருந்து ஒரு குழு. புதுக் கட்டிடத்தின் ஏசி அறையில் கூட்டம். ஏற்கனவே இரண்டு கருத்து சொன்னவள் என்பதால் செசிலியின் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. இந்தத் தடவை தவற விடக் கூடாது என்று ஒன்பது பேரும் சேர்ந்து அவளைத் தயார் செய்தார்கள். வெள்ளம் என்று வாய் தவறிக்கூட வரக் கூடாது, தண்ணி என்று சொல்ல வேண்டும். செசிலிக்கு அதில் ஒரு கூச்சம். அவள் வீட்டில் தண்ணி என்றால் ஜேசுதாஸ் கரைக்கு வந்த அன்று குடிக்கிற சரக்கு. பெரிய அதிகாரிகள் முன்னால் போய் நின்று எங்களுக்குத் தண்ணி வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்றாள். வைகுண்டராஜன் அண்ணாச்சி, கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறார்கள், உயிர் முக்கியமா மானம் முக்கியமா என்றார்.

அதிகாரி சின்ன வயதுக்காரர், நல்லவர். எழுந்து நின்று கும்பிட்டார். செசிலி வீங்கிய கால்களோடு நடந்து வந்ததிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. நாக்கு உலர்ந்திருந்தது. பழகி வைத்ததை அப்படியே சொன்னாள்.

"சார், எங்களுக்குத் தண்ணி இல்ல."

அதிகாரி ஒரு நொடி தாமதிக்கவில்லை. தன் முன்னால் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தானே திருகி, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். குடிங்கம்மா, குடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க என்றார். பாட்டிலின் வெளிப்புறத்தில் குளிர்ந்த துளிகள் இறங்கின. செசிலிக்கு இரண்டு நாள் பங்கு அது. பார்வையை அதிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு இல்ல சார், மிஷினு. மிஷினு தண்ணிக்காக்கும் கேக்கது."

"தண்ணி மெஷினா? கண்டிப்பா வெச்சிடலாம்மா. இது கூடவா இத்தனை நாள் இல்ல?" அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

செசிலி மறுபடி வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எதிரில்தான் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் புதுக் கட்டிடத்தின் குழாய் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். மைக் அடுத்த நோயாளிக்குப் போயிற்று. செசிலி பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரத்தில் மிஷின் வந்தது. ஆள் உயரத்தில் பளபளவென்று எவர்சில்வர். குளிர்ந்ததற்கு நீலக் குழாய், சாதாரணத்துக்கு வெள்ளைக் குழாய், சங்கிலி போட்டுக் கட்டிய பெரிய தம்ளர். நாள் முழுவதும் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிற ஒன்பது பேரின் கண் முன்னால், டயாலிசிஸ் வார்டுக்குள்ளேயே அதை நிறுத்தினார்கள். வைகுண்டராஜன் திரும்பிச் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டார்.

செசிலி மட்டும் மிஷினைப் பார்க்கவில்லை. பிளம்பர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கட்டிடத்தோடு சம்பந்தமே இல்லாமல், தெருவில் போகிற பேச்சிப்பாறைக் குடிநீர்க் குழாயிலிருந்து நேராக ஒரு தனிக் குழாய் வார்டுக்குள் வந்திருந்தது. பிளம்பர் சோதித்துப் பார்க்க வாளியை வைத்துத் திறந்தார். வாளி கண் மூடித் திறப்பதற்குள் நிறைந்தது. டயாலிசிஸுக்கு ஒரு குழாய் கேட்டால் அதற்கு வேறு பிரிவு, வேறு கோப்பு, இரண்டு வருடம் என்பார்கள். இது மக்கள் கருத்து. பதினைந்து நாளில் வந்துவிட்டது.

அவள் ஷிஜினைக் கூப்பிட்டு, அந்த வெள்ளத்தை நம்முடைய தொட்டிக்குத் திருப்ப முடியுமா என்று கேட்டாள். திருப்ப ஐந்தடிக் குழாயும் ஒரு வால்வும் போதும் என்று அவனுக்கு உடனே புரிந்தது. ஆனால் பயந்தான். யாராவது கண்டுபிடித்தால் ஒப்பந்தம் அன்றோடு சரி என்றான்.

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு மக்கா. அரசாங்கத்துக்க காகிதத்துல எனக்க பேருதான கெடக்கு. ஒனக்க பேரு இல்லல்லா."

பிளம்பரும் மனிதர்தான். படுத்திருந்த ஒன்பது பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறு பேச்சு பேசாமல் வால்வைப் பொருத்திக் கொடுத்தார். இந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர் மிஷின், அந்தப் பக்கம் திருப்பினால் டயாலிசிஸ் தொட்டி. ஷிஜின் அந்தப் பக்கம் திருப்பினான்.

அந்தப் புதன்கிழமை செசிலி நான்கு மணி நேரம் முழுதாகப் படுத்திருந்தாள். ஒரு வாரத்தில் எடை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. கால் வற்றி, கணுக்கால் எலும்பு திரும்பத் தெரிந்தது. வீட்டில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்தாள். முட்டவில்லை. சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அப்படியே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஊருக்கு வந்திருந்த ஜேசுதாஸ், ஏட்டி, என்ன சிரிப்பு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, தூக்கம் வருகிறது என்றாள்.

ஒன்றரை மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, நோயாளிகள் ஒவ்வொருவராக எடை பார்த்துக்கொண்டிருந்த நேரம், சென்னைக் குழுவிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். கருத்துக் கேட்டுச் செய்து முடித்த வேலைகளைப் பற்றி அறிக்கை போடுகிறார்கள், அதற்குப் படம் வேண்டுமாம். வெள்ளத் தடுப்புச் சுவரை முதலில் எடுத்தார். அதைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் கண்ணில் படாமல் ஷிஜின் வால்வைத் தண்ணீர் மிஷின் பக்கம் திருப்பினான். தொட்டியில் இருந்தது அரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

வந்தவர் தண்ணீர் மிஷினைச் சுற்றிப் பார்த்தார். தம்ளரின் உள்பக்கம் தூசி படிந்திருந்தது. சங்கிலியில் விலைச்சீட்டு கூட அவிழ்க்கப்படாமல் தொங்கியது.

"யாரும் யூஸ் பண்ற மாதிரி தெரியலையே. இங்க தேவையில்லன்னா சொல்லுங்க, லைனோட புது பிளாக்குக்கு மாத்திடலாம். அங்க நிறைய பேர் கேக்கறாங்க."

ஷிஜினுக்குப் பதில் சொல்வதிலும் ஆபத்து இருந்தது. இவர்கள் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாதவர்கள் என்று சொன்னால், பிறகு ஏன் கேட்டார்கள் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் வால்வு வரைக்கும் போகும்.  வந்தவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, இதில் செசிலி யார் என்று கேட்டார்.

செசிலி எழுந்து போனாள். தம்ளரைக் கழுவினாள். நீலக் குழாயைத் திறந்து விளிம்புவரை பிடித்தாள். வந்தவர் கேமராவைத் தூக்கினார். அவள் தலையை அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல், முழுத் தம்ளரையும் குடித்தாள். குளிர்ச்சி தொண்டை வழியாக வயிறு வரைக்கும் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

"சாரி மேடம், கண்ண மூடிட்டீங்க. இன்னொரு தடவ, கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

அவள் இரண்டாவது தம்ளரைப் பிடித்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார் வந்தவர். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அறிக்கைக்காகக் கேட்டார். கொள்ளாம் சார் என்றாள் செசிலி. அதற்கு அர்த்தம் என்ன என்று அவர் கேட்க, நன்றாக இருக்கிறது என்று ஷிஜின் சொன்னான். லைன் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டு, சுவரைத் தாண்டிப் போனார்.

ஷிஜின் வால்வைத் திருப்பிவிட்டு வந்தான். செசிலி கட்டிலில் ஏறி இடது கையை நீட்டினாள். அவன் ஊசியைக் குத்தினான். முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"ரெண்டாவது தம்ளரு ஒரு மடக்கு குடிச்சிட்டு வெச்சிருக்கலாம்லா அக்கா. படம் எடுத்தா போதும்ல அவருக்கு."

"அஞ்சு வருஷமாச்சு மக்கா" என்றாள் செசிலி.

ஷிஜின் மிஷின் பக்கம் திரும்பினான். இரண்டு தம்ளர் என்பது அறுநூறு மில்லி. அன்றைக்கு அவள் உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய அளவோடு அந்த அறுநூறையும் கூட்டிப் போட்டு, நேரத்தை நான்கு மணி என்று வைத்து, மிஷினை ஓடவிட்டான்.